கனத்த கால்

கோச் பேச மாட்டார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயந்தவர் மாதிரி, பயிற்சி முடிந்ததும் ஆளுக்கு இரண்டு மூன்று வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடுவார். மிச்சத்தை ஆட்டக்காரர்கள் தாங்களே நிரப்பிக்கொள்ள வேண்டும். என் வீட்டுக்காரர் அதை நிரப்பிய விதத்தில்தான் எங்கள் பிழைப்பில் மண் விழுந்தது.

அவர் கால்பந்தில் வலது ஓரத்தில் ஆடுகிறவர். பந்து கிடைத்தால் கோட்டை ஒட்டியே கடைசிவரை ஓடுவார். பந்து போய்விட்டால் அதே வேகத்தில் திரும்பி வருவார். பார்க்க வருகிறவர்கள் அவரைக் குதிரை என்பார்கள். அந்த சீசன் முடிந்ததும் கிளப் பாதிப் பேரை அனுப்பிவிடப் போகிறது என்று பேச்சு வந்தபோது முப்பதை நெருங்கிய எல்லோரும் கோச்சின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த கிளப் விட்டால் வேறு யாரும் எடுக்காத வயது அது. இவருக்கோ பந்தைத் தவிர வேறு எந்த வேலையும் தெரியாது.

ஒரு மேட்ச்சுக்கு மறுநாள் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"கோச் என்னைத் தனியாக் கூப்பிட்டு, உன் கால் கனமா இருக்குன்னுட்டாரு."

"அப்படின்னா?"

"அப்படின்னா என்ன? குண்டாயிட்டேன்னு அர்த்தம். முகத்துக்கு நேரா சொல்ல மனுஷனுக்கு மனசு வரல, அவ்வளவுதான்."

நான் ரொட்டிக்கடையில் அடுப்புப் பக்கம் வேலை செய்கிறவள். விற்காமல் நிற்கும் ரொட்டி எங்கள் வீட்டுக்கு வரும். கல்யாணமான நாளிலிருந்து டீமில் அவரை 'ரொட்டிக்கடை மாப்பிள்ளை' என்றுதான் ஓட்டுவார்கள். உடை மாற்றும்போது வயிற்றைத் தட்டி, "எத்தனை மாசம்?" என்று கேட்பார்களாம். தட்டுகிற அளவுக்கு அங்கே ஒன்றும் இருந்ததில்லை. இவரும் சிரித்துவிட்டுத்தான் வருவார். ஆனால் அந்தக் கேலியெல்லாம் மனசுக்குள் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது. கோச் 'கனம்' என்றதும் இவருக்குத் தன் வயிறுதான் ஞாபகம் வந்திருக்கிறது.

முதலில் சர்க்கரை போனது. பிறகு ரொட்டி, சோறு, உருளைக்கிழங்கு. ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, கடைசியில் வாழைப்பழமும் ஆகாது என்றார். காலையில் ஒரு முட்டை. அதிலும் மஞ்சள் கரு எனக்கு. மேட்ச் நாளில் கிளப்பில் போடுகிற சாப்பாட்டைப் பக்கத்துத் தட்டுக்குத் தள்ளிவிடுவார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

முதல் வாரம் உடம்பு லேசாக இருக்கிறது என்று துள்ளினார். அதற்கப்புறம் கேலரியில் உட்கார்ந்து பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. இடைவேளைவரை ஓடுவார். அதற்குப் பிறகு பந்து இவரைத் தாண்டிப் போகும், இவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பார். பக்கத்தில் இருந்தவர்கள், "குதிரை நொண்டியடிக்குது" என்று சிரித்தார்கள். அவர்களை ஒரு அறை விடலாம் போலிருந்தது.

கோச் மறுபடியும் முத்து உதிர்த்தார். "இன்னும் கனமாத்தான் இருக்கு."

அவ்வளவுதான், இவர் முட்டையையும் விட்டுவிட்டார்.

ஊரே வெயிலில் விசிறிக்கொண்டிருந்தபோது இவர் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தார். கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு, எலும்பும் தோலுமாகிவிட்டது. நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கத்திவிட்டேன்.

"சுவரை வச்சுத்தாங்க சித்திரம்!"

"சித்திரத்துக்குத் தொப்பை வேணாம்."

"நானே கோச்கிட்ட கேக்கறேன்."

"நீ போய் நின்னே, அப்புறம் நான் டீம்ல தலை காட்ட முடியாது. பொண்டாட்டியை விட்டுப் பேச வைக்கிறான்னு சிரிப்பாங்க."

அதனால் நான் போகவில்லை. கணுக்காலுக்கு மேலே வலி என்று சில நாளாக ஐஸ் கட்டி வைத்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, ஏதோ அடி பட்டது என்றார்.

சீசனின் கடைசி மேட்ச்சில் அவர் விழுந்தார். யாரும் இடிக்கவில்லை. பந்துகூடத் தூரத்தில் இருந்தது. திரும்பி ஓடுவதற்கு ஒரு காலை ஊன்றினார், அப்படியே சரிந்தார். நடிக்கிறார் என்று நினைத்து நடுவர் விசில் ஊதவில்லை. ஆட்டம் கொஞ்ச நேரம் அவரைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"ஏம்மா, இவர் சாப்பிடறதே இல்லையா?"

எக்ஸ்ரேயில் ஒரு கோட்டைத் தொட்டுக் காட்டினார். "இது இன்னிக்கு ஒரு நாள்ல உடைஞ்சது இல்ல. ரொம்ப நாளாவே விரிசல் விட்டிருக்கு. ஓடற உடம்பும்மா. தேவையானதை நாம போடலைன்னா, அது எலும்புலேர்ந்துதான் எடுத்துக்கும்."

"மறுபடி ஆடுவாரா?"

"நடப்பார்" என்றார் டாக்டர். "அதுக்கே இனிமே ஒழுங்கா சாப்பிடணும்."

வெளியே கோல்கீப்பர் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான். மலை மாதிரி ஆள், குழந்தை மாதிரி அழுதான். "அண்ணி, அவன் தட்டுல இருந்ததையெல்லாம் நான்தான் சாப்பிட்டேன். பசிக்கலன்னு சொன்னான் அண்ணி." அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது? போய் முகம் கழுவச் சொன்னேன்.

அப்போதுதான் கோச் வந்தார். அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"நீங்கதானே சார் அவரை எடையைக் குறைக்கச் சொன்னீங்க?"

"எடையா? நான் எப்பம்மா சொன்னேன்?"

"கால் கனமா இருக்குன்னு சொல்லலை?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு பக்கத்தில் கிடந்த பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தார். நான் பார்த்து அந்த மனிதர் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

"அடுத்தடுத்து ரெண்டு மேட்ச் ஆடியிருந்தான். கால் அசந்து போயிருந்தது. அதைத்தாம்மா நாங்க கனமா இருக்குன்னு சொல்லுவோம். நல்லா சாப்பிட்டு, ரெண்டு நாள் தூங்கி எழுந்து வாடான்னு அர்த்தம். ஆடறவனுக்கு அது தெரியும்னு நினைச்சேன். அன்னிக்கு மைதானத்துல அவனை மாதிரி ஒருத்தனும் ஆடல. மத்தவங்களைப் பத்தித்தான் யோசனையே. இவனை வச்சுக்கறதுன்னு நான் அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

"அதையாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே சார்."

எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அதற்குக்கூடத் தெம்பில்லாமல் உள்ளே போனேன்.

அவர் கட்டுப் போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த சோறு கை படாமல் ஆறிக் கிடந்தது.

"இன்னும் கொஞ்சம் முன்னாடியே குறைச்சிருக்கணும்" என்றார். "காலுக்கு பாரம் குறைஞ்சிருக்கும். உடைஞ்சிருக்காது."

சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே வந்திருந்தேன். பட்ட பாடெல்லாம் விழலுக்கு இறைத்த நீர் என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் சொல்லாவிட்டால் இந்த மனிதர் இந்தக் கட்டிலிலும் பட்டினி கிடப்பார், எலும்பு ஒட்டாது. கட்டிலில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, கனம் என்றால் என்ன அர்த்தம் என்று சொன்னேன்.

அவர் முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார்.

"அப்போ அன்னிக்கு நான் நல்லாத்தான் ஆடினேனா?"

"ஆமாங்க."

"என்னை வச்சுக்கறதா இருந்தாராமா?"

நான் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அதையும் சொன்னால் இந்த மனிதர் ஒரு வாய் சோறும் தொடமாட்டார்.

"இல்லைங்க. இந்த வருஷத்தோட அனுப்பிடறதாத்தான் இருந்தாராம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். முகம் கொஞ்சம் தளர்ந்தது. பிறகு வாயைத் திறந்தார். நான் ஒரு வாய் ஊட்டினேன்.