சிகரெட்டை விட்ட மனுஷன்

கெங்கம்மாள் இருபத்திரண்டு வருஷமாகப் பீடி சுற்றுகிறாள். அந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவள் புருஷன் பாண்டியன் ஒரு பீடியைக்கூட வாயில் வைத்ததில்லை. கெட்ட பழக்கமே இல்லாத உத்தமன் போலிருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். மனுஷன் சிகரெட் பிடிக்கிறவன். ஒரு நாளைக்குப் பத்து.

மேல்விஷாரத்தில் ஒரு தோல் கம்பெனியில் அவன் ஷேவிங் மிஷின் ஓட்டுகிறான். தோலை மிஷினுக்குள் விட்டு ஒரே கனத்துக்குச் சீவி எடுக்கிற வேலை. கை கொஞ்சம் பிசகினாலும் தோல் கிழிந்து போகும். அப்பேர்ப்பட்ட மிஷின்காரன் பீடி பிடித்தால் எவன் மதிப்பான் என்பது அவன் கட்சி. பெண்டாட்டி பீடி சுற்றிய காசில்தான் மகள் சௌமியா நர்சிங் படித்து, வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்தக் காசு அவனுக்கு நாறவில்லை. பீடித்தூள் மட்டும் நாறியது. "முறத்த எடுத்துக்கினு வெளிய போய் உட்காரு, நாத்தம் தாங்கல" என்பான். அவளும் எடுத்துக்கொண்டு போய் உட்காருவாள்.

இந்த வருஷம் பிப்ரவரியில் சிகரெட்டுக்கு வரியை ஏற்றினார்கள். பழைய சரக்கு தீர்ந்த அன்றைக்குக் கடைக்காரர் ஒரு சிகரெட்டுக்கு இருபத்திரண்டு ரூபாய் கேட்டார். பாண்டியன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

"இருபத்திரண்டு ரூபா! நாலு இட்லி துன்னலாம். கவர்மெண்டுக்குத் தண்டம் அழ நான் இன்னா கேனயனா? இன்னையோட வுட்டேன்."

குடும்பத்தில் ஆயிரம் முறை சொல்லியும் கேட்காதவன், அரசாங்கம் ஒரே ஒரு முறை சொன்னதும் கேட்டுவிட்டான். சௌமியாவுக்கு சந்தோஷம் தாங்கவில்லை. போனில் கத்தினாள்.

"எங்களுக்குப் பாடத்துலயே இருந்திச்சும்மா. வெலய நல்லா ஏத்திட்டா நெறைய பேர் வுட்டுடுவாங்க. அதுவும் காசு கம்மியா இருக்கறவங்கதான் மொதல்ல வுடுவாங்க. நம்ம அப்பா மாதிரி."

அன்று முதல் தினமும் டியூட்டி முடிந்ததும் போன் செய்து நாள் எண்ண ஆரம்பித்தாள். மூன்று, நான்கு, பத்து என்று எண்ணிக்கை ஏறியது. வீட்டில் இருந்து அந்த நாட்களைத் தள்ளியவள் கெங்கம்மாள். குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று தட்டைத் தள்ளினான். மறுநாள் கம்மி என்று தள்ளினான். தூங்காமல் புரண்டான். பக்கத்து வீட்டு பில்கிஸின் ஆட்டுக்குட்டி கத்தினால்கூட அதற்கும் அவளைத்தான் திட்டினான். அவள் பொறுத்துக்கொண்டாள். அவனுக்குள் என்னவோ பிய்த்துக்கொண்டு வெளியேறுகிறது, போகட்டும் என்றுதான் இருந்தாள்.

பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் அவன் முகம் வெளுத்து வந்து உட்கார்ந்தான்.

"ரெண்டு தோலு கிழிஞ்சிப் போச்சி. கை நடுங்குது. இன்னொன்னு போச்சின்னா வூட்டுக்குப் போய்டுன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டான்."

சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பார்த்தான்.  ஐம்பத்திரண்டு வயதில் வேலை போனால் எந்தக் கம்பெனியில் சேர்த்துக்கொள்வார்கள்?  கெங்கம்மாளின் முறத்தில் அன்றைக்குச் சுற்றிய பீடி கிடந்தது. அதிலிருந்து அவள் எடுக்கவில்லை. நல்ல இலையாகப் பார்த்து ஒன்றை நறுக்கி, தூள் பரப்பி, புதிதாக ஒன்று சுற்றி, வாயை மடித்து, நூல் கட்டி, அடுப்பங்கரையிலிருந்து தீப்பெட்டியும் எடுத்து வந்து நீட்டினாள்.

"இன்னைக்கு ஒன்னே ஒன்னு. கை நிக்கட்டும்."

அவன் அவளைப் பார்த்தான். பீடியைப் பார்த்தான். கௌரவம் எல்லாம் அன்றைக்கு எங்கே போனதோ, வாங்கிப் பற்றவைத்தான். கண்ணை மூடி இழுத்து, புகையை விட்டுவிட்டுச் சொன்னான்.

"நல்லாக் கீது கெங்கா. சிகரெட்டு தோத்துச்சி போ."

வேலை போய்விடுமே என்ற பயத்தில்தான் கொடுத்தாள். அது நிஜம். ஆனால் அவன் அப்படிச் சொன்னதும் அவளுக்கு மனசு பூரித்துப் போனதே, அதுவும் நிஜம். இருபத்திரண்டு வருஷத்தில் லட்ச லட்சமாகச் சுற்றியிருக்கிறாள். பீடியை எண்ணி வாங்குகிற ஏஜென்ட் கழித்துப்போட்டுக் குறை சொல்லியிருக்கிறானே தவிர நல்லா இருக்கிறது என்று ஒரு வாய் சொன்னதில்லை. நாற்றம் என்று வெளியே துரத்தின புருஷனே சொல்லிவிட்டான். அந்த ஒரு வார்த்தைக்காக மறுநாளும் ஒன்று சுற்றினாள் என்பதை அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

ஒன்று ஐந்தானது. ஐந்து, ஒரு கட்டு ஆனது. கட்டுக்கு இருபத்தைந்து பீடி. சிகரெட் வாங்கிய காலத்தில் பத்தோடு நின்றவன், இப்போது காசா பணமா என்று நாள் முழுக்க ஊதினான். விரல் நடுக்கம் போய்விட்டது. குழம்பு ருசித்தது. "கவர்மெண்டு நம்மகிட்ட ஏமாந்துச்சி" என்று சிரித்தான். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். பீடிக்கு வரியைக் குறைத்துவிட்டார்கள், ஏழைத் தொழிலாளிக்கு நல்ல காலம் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தான். நல்ல காலம் தன் வீட்டுக்குள்ளேயே வந்து புகைகிறது என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

சௌமியாவிடம் மட்டும் ரெண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. அவள் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அப்பன் கிராம்பை மென்றுகொண்டு யோக்கியன் மாதிரி உட்கார்ந்திருப்பான். நூறாவது நாள் என்று ஒரு சட்டை வாங்கி வந்தாள். அவனுக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னாள்.

"எங்க வார்டுல நெஞ்சு சளியோட வர்றவங்ககிட்ட எல்லாம் அப்பா கதையத்தான்மா சொல்றேன். முப்பது வருஷம் புடிச்சவரு, வெல ஏறின அன்னைக்கே வுட்டாருன்னு. நேத்து ஒருத்தர் அதக் கேட்டுட்டு பாக்கெட்டக் குப்பையில போட்டுட்டாரும்மா."

கெங்கம்மாளுக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. முகம் தெரியாத யாரோ ஒருவன் தன் வீட்டுப் பொய்யைக் கேட்டுத் திருந்தியிருக்கிறான். தன் வீட்டுக்காரனோ தினமும் கொல்லையில் நின்று ஊதுகிறான். சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சட்டை மடிப்பைத் தடவிக்கொண்டு நின்ற மகளைப் பார்த்ததும் விழுங்கிவிட்டாள்.

ஜூன் மாதம் பாண்டியனுக்கு இருமல் கூடியது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஜூலையில் சமதரையிலேயே வாங்கியது. சௌமியா விடவில்லை, தன் ஆஸ்பத்திரிக்கே இழுத்துக்கொண்டு போனாள். குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்தார்கள். டாக்டர் ஃபீபி சின்ன வயசுக்காரி, தன்மையாகப் பேசுகிறவள். காகிதத்தையும் எக்ஸ்ரே படத்தையும் மாறி மாறிப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள்.

"சிகரெட் எப்ப நிறுத்தினீங்க?"

"பிப்ரவரியிலயே டாக்டர்" என்று சௌமியா முந்திக்கொண்டு சொன்னாள். "நான் சொல்வேனே, எங்கப்பா!"

"அப்படின்னா இந்நேரம் இருமல் குறைஞ்சிருக்கணுமே. வேற ஏதோ காரணம் இருக்கு. உள்ள குழாய் விட்டுத்தான் பார்க்கணும்."

பாண்டியன் தரையைப் பார்த்தான். டாக்டர் சீட்டு எழுதப் பேனாவை எடுத்தாள். பொய்க்கு மேல் பொய்யாக, இப்போது புருஷன் தொண்டையில் குழாயும் இறங்கப் போகிறது. கெங்கம்மாள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"வாணாம்மா. சிகரெட்டத்தான் வுட்டாரு. பீடி புடிக்கிறாரு. ஒரு நாளைக்கு இருபத்தஞ்சு. நான்தான் சுத்திக் குடுக்கறேன்."

 டாக்டர் பேனாவை மூடினாள். இத்தோடு நிறுத்தினால் இருக்கிற மூச்சையாவது காப்பாற்றலாம், நிறுத்தாவிட்டால் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே போகும் என்று நிதானமாகச் சொன்னாள்.  வராந்தாவுக்கு வந்ததும் சௌமியா அம்மா பக்கம் திரும்பினாள்.

"நெஞ்சு நோவுன்னு வர்றவங்களுக்கு உன்ன நம்பிச் சொல்லிக்கினு இருந்தேன்மா."

அப்பாவை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவைத்தான் கேட்டாள். பஸ்ஸில் வரும்போது கெங்கம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். பாண்டியன் முன் சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தான். அவனுக்கும் உறைத்திருக்கும் என்று அவள் நம்பினாள்.

மறுநாள் காலையில் வழக்கம் போல அவன் கையை நீட்டினான். அவள் முறத்தை மடியோடு இழுத்துக்கொண்டாள்.

"என் கையால இனிமே ஒன்னு கெடையாது. செத்தாலும் குடுக்க மாட்டேன்."

திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். அன்றைக்கு முழுக்க அவளுக்கு மனசு லேசாக இருந்தது. சிகரெட்டை வாங்க இவனுக்கு மனசு வராது, பீடியைக் கொடுக்க ஆளில்லை, இனி விட்டுத்தானே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டாள். பத்தொன்பது நாள் தாங்கினவள் இந்த முறை தொண்ணூறு நாளும் தாங்குவாள். தட்டைத் தள்ளட்டும், தோலைக் கிழிக்கட்டும்.

சாயங்காலம் அவன் வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். பையிலிருந்து ஒரு கட்டு தரையில் விழுந்தது. கடையில் வாங்கிய பீடி. பத்துப் பன்னிரண்டு போயிருந்தது. அவன் குனிந்து எடுப்பதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

"இன்னாத்துக்கு மொறைக்கற? ஒரு சிகரெட்டு காசுக்கு ஒரு கட்டே குடுக்கறான். நீ குடுக்கலன்னா எனக்குக் கெடைக்காதா?"

அதை அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை. தன் முறம்தான் உலகத்திலேயே கடைசி முறம் என்பது போல அல்லவா பகல் பூராவும் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள்! அவன் துண்டை எடுத்துக்கொண்டு முகம் கழுவப் போனான். கட்டு அவள் கையிலேயே இருந்தது.

ஒன்றை உருவிப் பார்த்தாள். பீடி சுற்றுகிறவளுக்கு இன்னொருத்தியின் கை தெரியும். வாயை இப்படி உள்ளுக்கு இறுக்கி மடிப்பதும், நூலை இரண்டு சுற்றுக்குப் பதிலாக மூன்று சுற்றிக் கட்டுவதும் இந்தத் தெருவில் ஒருத்திதான். பில்கிஸ். பக்கத்து வீட்டில் இந்த நேரத்துக்கு அவளும் நாளைக்கு ஏஜென்டுக்குப் போட வேண்டிய ஆயிரத்தைச் சுற்றிக்கொண்டிருப்பாள். அவள் சுற்றியது இங்கே வந்திருக்கிறது. தான் சுற்றியது எந்த வீட்டுக்குப் போயிருக்கும்? சிகரெட் விலை கேட்டுக் கையை மடக்கிய எத்தனை பேர் அதைப் பற்றவைத்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருப்பார்கள்?

போன் அடித்தது. சௌமியா. நேற்றிலிருந்து பேசாதவள்.

"அப்பா இன்னைக்குப் புடிச்சாராம்மா?"

இந்த முறை கெங்கம்மாள் விழுங்கவில்லை. "புடிச்சாருடி" என்றாள்.



"யாரும்மா குடுத்தா?"

நான் இல்லை என்று அவள் தாராளமாகச் சொல்லியிருக்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம் பில்கிஸ் இலை நறுக்கும் கத்தரிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நாங்கதான்டி" என்றாள் கெங்கம்மாள்.