கூழ் ஊற்றிய ஞாயிறு

ஸ்கேன் எடுத்துவிட்டு மருமகள் ரேணுகாவோடு திரும்பிய கன்னியம்மாள், எட்டு வாரம் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் புருஷன் அப்பாவு சிரிக்கவில்லை. எழுந்து போய் வாசல் கேட்டைச் சாத்திக் கொண்டி போட்டார். மண்ணூர்பேட்டையில் நிலமெல்லாம் கம்பெனியாகிவிட்டாலும் அம்மன் கோயிலில் முதல் மரியாதை இன்னும் அவருக்குத்தான். இனிப் பேசப்போவது தெருவுக்குக் கேட்கக் கூடாது.

எட்டு வாரம் பின்னால் போனால் ஆடி பிறந்த புதிது. புதுசாகக் கல்யாணமானவர்கள் ஆடியில் சேர்ந்திருக்கக் கூடாது, சித்திரையில் தலைப்பிள்ளை பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று அவரேதான் ரேணுகாவை ஆட்டோவில் திருநின்றவூருக்குக் கூட்டிப்போய்த் தாய் வீட்டில் விட்டார். ஆவணி முதல் தேதிதான் திரும்ப வந்தாள். அதுவரை அந்தப் பக்கம் போனால் காலை ஒடிப்பேன் என்று மகன் மோகனிடம் சொல்லியிருந்தார்.

"என் புள்ள இங்க இருந்தான், நீ அங்க இருந்த. இது எப்பிடி வந்துது?"

கன்னியம்மாள்தான் குரலைத் தாழ்த்தி, டாக்டர் சொன்னதைச் சொன்னாள். கடைசியாகத் தூரமான நாளிலிருந்து எண்ணுவார்களாம். கரு தங்குவது அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தானாம். அப்பாவு மறுபடி விரல்விட்டு எண்ணினார். அந்த இரண்டு வாரம் எப்படியாவது ஆவணியில் கொண்டுபோய் விட்டுவிடாதா என்று அவருக்கும் உள்ளூர ஆசை இருந்தது. கணக்கு ஆடிப்பெருக்கோடு நின்றுவிட்டது. ஆசைப்பட்டதற்கும் சேர்த்து இப்போது கோபம் வந்தது.

அதன் பிறகு அவர் பேசியதை அவராலேயே நிறுத்த முடியவில்லை. ரேணுகாவின் அம்மா வளர்த்த லட்சணத்தைச் சொன்னார். அந்த வீட்டுக்கு யார் யார் வந்து போனார்கள் என்று கேட்டார். ரேணுகா ஃபிரிட்ஜ் மேல் சாய்ந்து நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் கொஞ்சம் குறைத்துக்கொண்டிருப்பார். அவள் மோகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வாட்ச்சைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான்.

"பொறக்கட்டும். ரத்தம் எடுத்துப் பாத்துட்டுத்தான் எங்க ஊட்டுப் பேரு."

அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"கூழு ஊத்துன ஞாயித்துக்கிழம உங்க புள்ள எங்க இருந்தாருன்னு கேளுங்க மாமா."

ஆடி மூன்றாம் ஞாயிறு. கோயிலுக்குப் போகும் முதல் கூழ்க்குடத்தை அப்பாவு வீட்டு ஆண்பிள்ளைதான் சுமக்க வேண்டும். அன்றைக்கு மோகன் வரவில்லை. பங்காளி வீட்டுப் பையன் சுமந்தான். வந்த எரிச்சலை மறைத்துக்கொண்டு, என் புள்ள வேலைன்னா சோறு தண்ணி பாக்க மாட்டான் என்று கோயில் வாசலில் அத்தனை பேர் முன்னாலும் பெருமையடித்தவர் அவர்தான்.

"ஓவர்டைம்னியேடா."

மோகன் தலையைத் தூக்கவில்லை. "பட்டரவாக்கத்துல திருநின்றவூர் ரயில் ஏறிட்டேன் நைனா. இவங்க அம்மா கோயிலுக்குப் போயிருந்தாங்க. உன்கிட்ட சொன்னா..."

அப்பாவு கையை ஓங்கினார். ரேணுகா சிரித்த சத்தம் கேட்டு, ஓங்கிய கை அப்படியே நின்றது.

"இப்ப அட்ச்சி இன்னா ஆவப் போவுது? என்னை அவ்ளோ பேசினீங்க. இம்மாம் நேரம் உங்க புள்ள குந்திகினு கேட்டுகினுதான இருந்தாரு."

உள்ளே போனாள். பீரோ திறந்து மூடும் சத்தம் கேட்டது. கல்யாணத்துக்கு வாங்கிய சிவப்புப் பையோடு வெளியே வந்தாள்.

"ஆடிக்கு நீங்க கொண்டும்போய் உட்டீங்க. இப்ப நானே போறேன்."

அவளுக்கு முன்னால் அப்பாவு கேட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். போகாதே என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தையை அவர் இதுவரை யாரிடமும் கெஞ்சிச் சொன்னதில்லை, அதட்டித்தான் பழக்கம். பின்னால் மோகன் செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது.

ரேணுகா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பையை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, கொண்டியைப் பிடித்திருந்த அவர் கையையே பார்த்தபடி நின்றாள்.