கஃபுவேயின் இதயம்

முதல் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் என் எருது கஃபுவே நுகத்தடிக்கு வர மறுத்தது. முதுகைக் கூனிக்கொண்டு, முன்னங்கால்களை அகட்டி நின்றது. ஓர் அடி எடுத்து வைத்தால் முனகியது. சோளத்தட்டையை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதன் ஜோடி கரிபா பக்கத்தில் நின்று, அதற்கு வைத்ததையும் சேர்த்துத் தின்றது.

அந்த ஈரத்தில் உழாவிட்டால் மக்காச்சோளம் இல்லை. கணவர் வடக்கே செப்புச் சுரங்கத்தில் இருந்தார். எங்கள் டோங்கா இனத்துக் குடும்பங்களில் மாட்டு விஷயம் என்றால் தாய்மாமன் சொல்வதுதான். மாமா ஹங்கோமாவுக்கு ஆள் அனுப்பினேன். அவர் வந்து எருதை ஒருமுறை சுற்றினார். அதன் நெஞ்சுச் சதையைக் கையில் ஏந்திப் பார்த்தார்.

"வீங்குது பாரு, லுயாண்டோ. எங்கப்பா வச்சிருந்த காளை இப்படித்தான் நின்னுச்சு. செத்தப்புறம் அறுத்துப் பாத்தா, கம்பி நேரா இதயத்துல. இன்னிக்கே வெட்டிட்டா கறியாவது மிஞ்சும்."

"ஒத்த எருத வச்சு நான் எப்படி மாமா உழுவேன்?"

"செத்த எருத வச்சு மட்டும் உழுதுடுவியா?"

கல்நெஞ்சத்தோடு சொன்னதல்ல; சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கத்தியைக் கல்லில் தீட்டப் போனார். கம்பி எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். சாலையோரம் லாரிக்காரர்கள் குளிர்காய டயர் கொளுத்துவார்கள். ரப்பர் எரிந்து போகும், உள்ளிருக்கும் கம்பி இழைகள் புல்லில் கிடக்கும். மாட்டுக்கு என்ன தெரியும்? புல்லோடு விழுங்கிவிடும். நான் மாட்டு டாக்டருக்கு போன் செய்தேன்.

டாக்டர் நமகாவ் மோட்டார் பைக்கில் வந்தாள். மேற்கே ஆற்றங்கரைச் சமவெளியில் பிறந்த லோசிக்காரி. லோசிகளும் நாங்களும் கேலி முறைக்காரர்கள்; வயது வித்தியாசம் பார்க்காமல் ஒருவரை ஒருவர் வாரலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. மாமா கத்தியும் கையுமாகவே தொடங்கினார்.

"எருதப் பாக்க மீன்காரிய அனுப்பியிருக்காங்க. இதுக்குச் செதில் கிடையாதும்மா."

"தெரியும் மச்சான். பொண்டாட்டி காய்ச்சல்ல கிடந்தாலும் பட்டிக்குப் போயிட்டுத்தான் நீங்க வீட்டுக்குள்ள நுழைவீங்கன்னும் தெரியும். கத்தியக் கீழ வச்சுட்டுக் கயித்தப் பிடிங்க."

எருதின் தோள்மேட்டை இரு கைகளாலும் கிள்ளினாள். நோயில்லாத மாடு முதுகைத் தாழ்த்தும். கஃபுவே விறைத்துக்கொண்டு முனகியது.

"கம்பிதான்" என்றாள். என் கண் மாமாவின் கத்திக்குப் போனது. "இருங்க. உள்ள இருக்கறது வேற, எங்க இருக்குங்கறது வேற. வயித்துப் பையில குத்திக்கிட்டிருந்தா பொழைக்கும். அங்கேர்ந்து இதயத்துக்கு ரொம்பத் தூரமில்ல. நடுவுல ஒரு மெல்லிசுத் தடுப்புதான். அதத் தாண்டிடுச்சான்னு பாக்கணும்."

கழுத்தின் பக்கவாட்டுப் பள்ளத்தில் கட்டைவிரலை அழுத்தினாள். விரலுக்கு மேலே ரத்தக்குழாய் கயிறு மாதிரி தடித்து எழுந்தது.

"தலையிலேர்ந்து இதயத்துக்குத் திரும்புற ரத்தம் இது. நான் மறிச்சதால மேல தேங்குது. நீங்க விரலுக்குக் கீழ பாருங்க. வத்துதா?"

"வத்தலன்னா?" என்றேன்.

"இதயத்தச் சுத்தி சீழ் கோத்திருக்குன்னு அர்த்தம். நெருக்கிப் பிடிச்சா அதால விரிய முடியாது. விரியாத இதயம் எப்படி ரத்தத்த வாங்கும்? வாங்கலன்னா கீழயும் தடிச்சே நிக்கும்."

மூவரும் குனிந்தோம். விரலுக்குக் கீழே தோல் மெல்லத் தாழ்ந்து தட்டையானது. அவள் விரலை எடுத்தாள். மேலே தேங்கியிருந்தது சரசரவென்று இறங்கிப் போனது.

"நான் பாக்கறேன்" என்று மாமா கயிற்றை என்னிடம் கொடுத்தார். அழுத்தினார், விட்டார். திரும்பவும் அழுத்தினார். "வாங்குது" என்றார், தனக்குத்தானே.

"அந்த நெஞ்சு வீக்கத்தையும் அழுத்துங்க மச்சான். குழி நிக்குதா?"

"இல்ல."

"அப்ப அது நீர் இல்ல, கொழுப்பு. தீனி குறைவில்லாம போட்டிருக்காங்க."

பிறகு ஸ்டெதாஸ்கோப்பை என் காதில் மாட்டினாள். இரண்டு பெண்கள் ஒரே உரலில் மாற்றி மாற்றி இடிப்பது போல, தெளிவாக, நிதானமாகக் கேட்டது. சீழ் கோத்திருந்தால் தண்ணீர் சலசலப்பு கேட்குமாம்; அது இல்லை. திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. அதைக் கழற்றிக் கொடுத்தேன். அப்படியே ஈரமண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா சிரித்தேனா என்று இன்றும் தெரியாது.

விரல் நீளக் காந்தம் ஒன்றை ஒரு குழாய் வழியாக எருதின் தொண்டைக்குள் செலுத்தினாள். அது வயிற்றில் கிடந்து கம்பியைப் பிடித்துக்கொள்ளுமாம். ஊசி போட்டாள். கம்பி முன்னே நகராமல் இருக்க முன்னங்கால்கள் மேட்டில் நிற்கும்படி கட்டச் சொன்னாள். மேடு கட்ட மண் வெட்டியவர் மாமாதான். தன் எருது ஒன்றையும் ஓட்டி வந்தார். கரிபாவுக்கும் அதற்கும் நடை ஒத்துப்போகவில்லை. சால் கோணல்மாணலாகத்தான் விழுந்தது, ஆனாலும் மேல்பாதி நிலத்தை உழுதுவிட்டோம்.

ஒரு விடியற்காலை மாமா என் கதவைத் தட்டினார்.

"அசை போடுது" என்றார். உடனே பட்டிக்குத் திரும்பினார்.

கீழ்பாதியைக் கஃபுவேதான் உழுதது, அடுத்த மழைக்குப் பிறகு. அந்த வாரம் நமகாவ் ஒரு திசைகாட்டியோடு வந்தாள். எருதின் இடது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே பிடித்ததும் முள் சட்டென்று திரும்பியது. காந்தம் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது.

"இந்த எருத எங்க ஊருக்கு ஓட்டிக்கிட்டுப் போகட்டுமா மச்சான்?"

"வெள்ளம் வந்தா ஊரோட படகுல ஏறுற ஆளுங்க நீங்க. இதுக்கு எந்தப் படகு தாங்கும்?"

அவள் சிரித்துக்கொண்டே நான் கொடுத்த புளித்த பாலை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டினாள். மாமா என்னை முந்திக்கொண்டு சுரைக்குடுவையை எடுத்து, விளிம்பு வழிய ஊற்றினார்.