பானகத்துக்கு உறை

ஏகாம்பரம் குடியை விட்டு நாற்பது நாள் ஆகியிருந்தது. அதில் அவருக்குப் பெருமை ஒன்றும் இல்லை. விடாமல் இருக்க வழியில்லாததால் விட்டார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் டைல்ஸ் குடோன் ஒன்றில் அவர் லோடு மேன். பங்குனி மாதம் புதிதாக வந்த சேஃப்டி ஆபீசர் ராகேஷ் கேட்டில் ஊதுகிற மிஷின் ஒன்றை வைத்தார். காலையில் வருகிறவன் எல்லாம் அதில் ஊதிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மிஷின் கத்தினால் அன்று முழுக்க வெளியே. மூன்று முறை கத்தினால் பெயரே எடுக்கப்படும். ‘மேனேஜர் முதல் லோடு மேன் வரை அனைவருக்கும் பொருந்தும்’ என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு, கேட்டுச் சுவரில் ஒட்டியிருந்தார் ராகேஷ். பங்குனி முடிவதற்குள் ஏகாம்பரத்துக்கு மிஷின் இரண்டு முறை கத்திவிட்டது. இரண்டும் முந்தின ராத்திரிச் சரக்கு.

மூன்றாவதற்கு இடமில்லை. நாற்பத்தெட்டு வயதில் வேறு குடோனில் போய் நின்றால் முதலில் முட்டியைப் பார்ப்பான், பிறகு முகத்தைப் பார்ப்பான், பிறகு அடுத்த ஆளைக் கூப்பிடுவான். இது ஏகாம்பரத்துக்கும் தெரியும், அவர் மனைவி ராஜகுமாரிக்கும் தெரியும். இதற்கு முன் மூன்று தடவை திருவேற்காட்டுக் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு குடியை விட்டிருக்கிறார். மூன்று தடவையும் கயிறு இருந்தது, அவர்தான் இருக்கவில்லை. எனவே இந்த முறை ராஜகுமாரி கயிற்றை நம்பவில்லை. ஆவடி பக்கம் கோவில்பதாகையில் இருந்த வீட்டுச் சுவரில் மாதக் காலண்டர் ஒன்றை மாட்டி, குடிக்காத நாளுக்கெல்லாம் பென்சிலால் ஒரு கோடு போட்டாள்.

சாயங்காலம் ஆறு மணிதான் சிக்கல். அந்த நேரத்தில் ஏகாம்பரத்தின் தொண்டை தனியாக ஒரு ஆளைப் போல நடந்துகொள்ளும். வெயிலோ கத்திரி. அந்தத் தொண்டைக்கு ஏதாவது ஊற்றியாக வேண்டும் என்பது ராஜகுமாரிக்குப் புரிந்தது. அவள் முகப்பேரில் திவ்யா என்ற கம்ப்யூட்டர் கம்பெனிக்காரம்மா வீட்டில் சமையல் வேலை பார்க்கிறாள். அந்த அம்மா வெயில் காலத்துக்கு பாட்டில் ஜூஸெல்லாம் நிறுத்திவிட்டு, வீட்டிலேயே செய்கிற பானங்களைத் தினம் ஒன்றாக எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைப்பாள். ராஜகுமாரி அதை அங்கே செய்து, கையோடு கற்றுக்கொண்டு வந்து இங்கேயும் செய்தாள்.

முதலில் நீர்மோர். கறிவேப்பிலை, இஞ்சி, பெருங்காயம் எல்லாம் போட்டது. ஏகாம்பரம் குடித்துவிட்டு, சரக்கு இல்லாமல் சைடு டிஷ் மட்டும் சாப்பிட்ட மாதிரி இருக்கிறது என்றார். அடுத்து நன்னாரி சர்பத். அதன் வாசம் கல்யாண வீட்டை நினைவுபடுத்துகிறது என்றும், கல்யாண வீட்டை நினைத்தால் பந்திக்கு அப்புறம் மண்டபத்துப் பின்னால் நடப்பதெல்லாம் நினைவுக்கு வருகிறது என்றும் சொல்லி அதையும் தள்ளினார். காலையிலேயே கம்மங்கூழ் குடித்த அன்று மதியம் ஒரு பெட்டி டைல்ஸ் கையிலிருந்து நழுவியது. கூழ் தூக்கத்தைக் கொடுத்ததாக மேஸ்திரியிடம் சொன்னார். மேஸ்திரி தமிழ்வாணன் அதைக் காரணமாக ஏற்கவில்லை.

கடைசியில் பானகம்தான் நின்றது. வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சம்பழம், கொஞ்சம் துளசி. ஆவடி மார்க்கெட்டில் மண்பானை ஒன்று வாங்கி, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அடுப்படி மூலையில் மணல் பரப்பி அதன் மேல் வைத்தாள். ஆறு மணிக்கு இரண்டு சொம்பு குடித்தால் தொண்டை சும்மா இருந்தது. காலையில் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, பாட்டிலில் நிரப்பி வேலைக்கும் கொண்டுபோனார்.

சும்மா இருந்ததே தவிர, இன்னும் ஏதோ குறைகிறது என்று ஏகாம்பரம் ஒரு நாள் சொல்லிவிட்டார். ராஜகுமாரி அதை யோசித்தாள். மோரும் பானகமும் வெயிலுக்குக் குடிக்கிற பொருள்தான். நேற்றைய மோரில் ஒரு கரண்டி விடாமல் இன்றைக்குத் தயிர் இல்லை. அப்படியிருக்க, பானகத்துக்கு மட்டும் ஏன் யாரும் உறை ஊற்றுவதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அன்றிலிருந்து பானை அடியில் ஒரு கரண்டி பழைய பானகத்தை விட்டுவைத்து, அதன் மேலேயே புதியதை ஊற்றினாள். மூடியை இறுக்கித் துணி கட்டினாள். பானையைக் கழுவவில்லை. கழுவினால் உறை போய்விடும்.

பானகம் நாளுக்கு நாள் எடுப்பாக வந்தது.

குடோனில் பதினொரு மணிக்கு டீ நேரம். அதுவரை ஏகாம்பரத்தின் பாட்டிலைப் பார்த்து, கோயில் பிரசாதம் வந்துவிட்டதா, சுண்டல் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தவன் இளங்கோ. கூடப் பெட்டி தூக்குகிறவன், வாயும் தூக்கலானவன். உறை ஊற்றிய நாலாம் நாள் ஒரு வாய் வாங்கிக் குடித்தான். மறுநாள் பத்தரைக்கே பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான். அடுத்த நாள் சொந்தமாக டம்ளர் கொண்டுவந்தான். அதற்கப்புறம் ஏகாம்பரம் இரண்டு லிட்டர் பாட்டில் இரண்டு சுமக்க வேண்டியதாயிற்று. மேஸ்திரியும் உடம்புச் சூட்டுக்கு நல்லது என்று சொல்லிக் குடித்தார். அந்த வாரம் லாரிகள் சீக்கிரம் காலியாயின. யாரோ பாடக்கூடச் செய்தார்கள்.

ஒன்பதாம் நாள் காலை வீட்டில் பாட்டில் மூடியைத் திறந்தபோது ‘ஸ்ஸ்’ என்றது. சோடா மாதிரி வந்திருக்கிறது என்று ராஜகுமாரி சந்தோஷப்பட்டாள். ஏகாம்பரம் ஒரு வாய் குடித்து, அதை நாக்கிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். இருபத்திரண்டு வருஷம் குடித்த நாக்கு அது. அதற்கு ஏதோ தெரிந்தது. பதினொரு மணிக்கு மேல் பெட்டிகள் கனம் குறைந்திருந்ததும் தெரிந்தது. சுக்கின் வேலை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சுக்கு நல்ல பொருள். அதற்கு மேல் கேட்கவில்லை.

நாற்பத்தோராம் நாள் ஆவடியிலிருந்து வருகிற ரயில் அண்ணனூரைத் தாண்டி வெகுநேரம் நின்று கிளம்பியது. பட்டரவாக்கத்தில் இறங்கி குடோன்வரை ஓட்டமும் நடையுமாக வந்தார். எட்டு மணி வெயிலே முதுகைச் சுட்டது. கேட்டு வரிசையில் நிற்கும்போது பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்கு குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, அடுத்த ஆளாகப் போய் மிஷினில் ஊதினார்.

மிஷின் கத்தியது.

காவலாளி பாஸ்கரன் மிஷினைத் தட்டிவிட்டு மறுபடி ஊதச் சொன்னார். மறுபடி கத்தியது. வரிசை விலகி வட்டமாயிற்று. ராகேஷை வரச்சொல்லி ஆள் போனது. ஏகாம்பரம் பாட்டில் மூடியைத் திருகி இறுக்கினார். மூன்றாவது முறை.

ராகேஷ் வந்தார். திருச்சிப் பக்கத்துப் பிள்ளை, குரல் உயர்த்தாதவர். மெதுவாகத்தான் கேட்டார். தான் பானகம் தவிர வேறெதையும் தொடவில்லை என்றார் ஏகாம்பரம். எல்லாரும் சிரித்தார்கள். முதலில் சிரிப்பை நிறுத்தியவன் இளங்கோ. அவன் முகம் எதையோ கணக்குப் போடுவது போல இருந்தது. மேஸ்திரி தமிழ்வாணன் சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைகளை முதல் தடவையாகப் படிக்க ஆரம்பித்தார்.

ராகேஷ் பாட்டிலைக் கேட்டு வாங்கினார். ராமநவமிக்கு ராமநவமி பானகம் குடித்து வளர்ந்தவன் நான், எனக்குத் தெரியும் என்று சொல்லி ஒரு வாய் குடித்தார். புருவத்தைச் சுருக்கினார். நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னொரு வாய். அப்புறம் மூன்றாவது. பானகம்தான், ஆனால் ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார்.

ஏகாம்பரத்துக்கு அந்த நேரத்தில் அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

“சார், நீங்களும் ஒரு தபா ஊதுங்க.”

பாஸ்கரன் மிஷினை இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினார். ராகேஷ் ஊதினார். மிஷினுக்கு மரியாதை தெரியாது. கத்தியது.

பாஸ்கரன் நோட்டைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார்.

“சார், உங்க பேரு மொதல்ல எழுதட்டுமா, அண்ணாத்த பேரு மொதல்ல எழுதட்டுமா?”

ராகேஷ் சுவரைப் பார்த்தார். ‘அனைவருக்கும் பொருந்தும்’ என்ற வரிக்குக் கீழே அவருடைய கையெழுத்து தெளிவாக இருந்தது. கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றி பாஸ்கரனிடம் கொடுத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே இருந்த சிமெண்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஏகாம்பரமும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

அதை எப்படிச் செய்தீர்கள் என்று ராகேஷ் கேட்டார். அது ராஜகுமாரிக்குத்தான் தெரியும் என்று போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார் ஏகாம்பரம். அவள் முகப்பேர் வீட்டு அடுப்படியிலிருந்து, வெல்லத்தின் அளவு, சுக்கை நசுக்குகிற பதம், எலுமிச்சம்பழம் எப்போது பிழிய வேண்டும் என்று எல்லாம் ஒழுங்காகச் சொல்லி, உறைக்கு வந்தாள். ராகேஷ் அங்கே நிறுத்தினார்.

“உறையா? பானகத்துக்கா?”

“தயிருக்கு உறை ஊத்தாம தயிர் ஆவுமா சார்? அதே கணக்குதான்.”

“பானைய கடைசியா எப்பங்க கழுவுனீங்க?”

“கழுவுனா உறை பூடுமே சார். பன்னெண்டு நாளா அப்டியேதான் கீது.”

ராகேஷ் கண்ணை மூடிக்கொண்டார். கெமிஸ்ட்ரி படித்தவர். வெல்லத் தண்ணீரை வெயில் காலத்தில் மூடி வைத்து, பழையதன் மேல் புதியதை ஊற்றிக்கொண்டே வந்தால் அது பொங்கிப் புளித்துக் கள் மாதிரி ஆகிவிடும் என்று பொறுமையாக விளக்கினார். அந்தப் பக்கம் தாளிக்கிற கடுகு மட்டும் வெடித்தது. பிறகு ராஜகுமாரி கேட்டது ஒன்றுதான்.

“அவரு உள்ள போவலாமா சார்?”

மறுபடி ஊதிப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் ராகேஷ். இரண்டு பேருமாகக் குழாயில் வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். வாயில் ஒட்டியிருப்பது போக இருபது நிமிஷம் ஆகும் என்றார். அந்த இருபது நிமிஷத்தில் இரண்டு லாரி ஹாரன் அடித்தது. ஏகாம்பரம் தன் முட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் வீட்டில் குடித்த ஒரு டம்ளரும் அவருக்கு நினைவிருந்தது. அதை ராகேஷிடம் சொன்னார். சொல்லாமல் இருக்கலாம் என்றும் தோன்றியது, ஆனால் சொல்லிவிட்டார். எத்தனை மணிக்கு என்று மட்டும் ராகேஷ் கேட்டார். ஆறு.

முதலில் ராகேஷ் ஊதினார். சைபர். அடுத்து ஏகாம்பரம். மிஷின் யோசிப்பது போல நேரம் எடுத்துக்கொண்டது. சைபர்.

பாஸ்கரன் நோட்டில் எழுதியிருந்த இரண்டு பெயரையும் அடித்தார். காரணம் என்ன எழுதுவது என்று கேட்டார். ராகேஷ் நோட்டை வாங்கி, கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, ‘பானகம்’ என்று எழுதினார். இது மூன்றாவது முறையாகச் சேராது என்றார். ஆனால் பாட்டில் உள்ளே போகக் கூடாது. ஏகாம்பரம் இரண்டு பாட்டிலையும் சுவரோரம் கவிழ்த்தார். இளங்கோ எழவு வீட்டில் நிற்கிறவன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு கடைசிச் சொட்டுவரை நின்றான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது பானை வாசலில் கவிழ்ந்து கிடந்தது. ராஜகுமாரி காலண்டரை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்பது கோடு.

“உண்மைய சொல்லுயா. உனுக்குத் தெரியுமா, தெரியாதா?”

ஏகாம்பரம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அவசரமில்லாமல் மாட்டினார்.

“மொத எட்டு நாளு சத்தியமா தெரியாது.”

“அப்பறம்?”

“சுக்குன்னு நெனச்சிக்கினேன்.”

அவள் விரலை நாக்கில் தொட்டு, கடைசி நாலு கோட்டைத் தேய்த்து அழித்தாள். காகிதம் கொஞ்சம் கிழிந்தது. மிச்ச எட்டையும் அழிப்பாள் என்று அவர் காத்திருந்தார். அவள் அழிக்கவில்லை.

“தெரிஞ்சி குடிச்சது உன்னுது. தெரியாம ஊத்துனது என்னுது. அதுக்கு உன் கோட்ட எதுக்கு அழிக்கணும்” என்றாள்.

இன்றைக்கு என்ன கணக்கு என்று அவர் கேட்டார். காலையில் ஒரு டம்ளர், கேட்டில் இரண்டு மடக்கு. தாகத்துக்குத்தானா என்று அவள் கேட்டாள். மடக்கு தாகத்துக்கு, டம்ளரைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அவள் யோசித்து, பாதிக் கோடு போட்டாள்.

மறுநாள் எவர்சில்வர் தூக்கை வெந்நீர் ஊற்றிக் கழுவி, விடிந்த பிறகு கரைத்து, சூடு ஏறுவதற்குள் கொடுத்தனுப்பினாள். கேட்டில் ராகேஷ் வரிசையில் முதல் ஆளாக நின்று ஊதினார். தூக்கைத் திறக்கச் சொல்லி முகர்ந்து பார்த்து உள்ளே விட்டார். பதினொரு மணிக்கு இளங்கோ டம்ளரை நீட்டினான். ஒரு வாய் குடித்தான். தூக்குக்குள்ளே எட்டிப் பார்த்தான். மறுபடி ஒரு வாய் குடித்தான்.

“மாமே, அண்ணிக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லயா?”

நன்றாகத்தான் இருக்கிறாள் என்றார் ஏகாம்பரம். இளங்கோ டம்ளரைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் போனான். மேஸ்திரிக்கு உடம்புச் சூடு தணிந்துவிட்டிருந்தது.

ஏகாம்பரம் மிச்சத்தைத் தனியாகக் குடித்தார். வெல்லம் இருந்தது, சுக்கு இருந்தது, எலுமிச்சம்பழம் இருந்தது. வேறொன்றும் இல்லை. தாகம் அடங்கியது. சும்மாட்டைத் தலையில் வைத்து முதல் பெட்டியை ஏற்றிக்கொண்டார். பெட்டி, அதன் கனம் எவ்வளவோ அவ்வளவு கனத்தது.