சொல்ல எதுவும் இல்லை என்றார்

நீதிமன்றத்தில் அவளை எல்லாரும் ஸ்டெனோக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நீதிபதியின் மேடைக்கு ஒரு படி கீழே உட்கார்ந்து, அங்கே பேசப்படுவதைச் சுருக்கெழுத்தில் பிடிப்பது அவள் வேலை. பத்தொன்பது வருடத்தில் ஏழு நீதிபதிகள் வந்து போனார்கள். அவள் நாற்காலி மட்டும் இடம் மாறவில்லை.

வெல்டர் வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது சாப்பாட்டு இடைவேளைக்குப் பத்து நிமிடம் இருந்தது. பட்டறையில் கூட வேலை பார்த்தவனோடு வாய்த்தகராறு முற்றி, வெல்டர் பிடித்துத் தள்ள, அவன் இரும்புப் படியிலிருந்து விழுந்து இறந்துபோனான். கொல்லும் நோக்கம் இல்லை, ஆனாலும் சாவுக்கு இவனே பொறுப்பு என்று நீதிபதி வாசித்தார். அதே மூச்சில் பத்து வருடம் என்றும் வாசித்தார். அந்தக் குற்றத்துக்கு அதுதான் உச்சம்.

குற்றம் உறுதியானதும், எத்தனை வருடம் என்று முடிவு செய்வதற்கு முன்னால், சம்பந்தப்பட்ட ஆளிடம் நீ ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்று கேட்க வேண்டும். சட்டம் அப்படி. அன்று யாரும் கேட்கவில்லை. வெல்டரின் வக்கீல் அடுத்த கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். வெல்டர் மூன்றாவது பெஞ்சைப் பார்த்து வாயைத் திறந்தான். இறந்தவனின் மனைவி அங்கே உட்கார்ந்திருந்தாள். போலீஸ்காரர் அவன் தோளைத் தட்டினார். நீதிபதி எழுந்துவிட்டார்.

பிற்பகல் தன் அறையில் நீதிபதி தீர்ப்பின் கடைசிப் பக்கத்தைச் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். "தண்டனை குறித்துக் கேட்டபோது, சொல்ல எதுவும் இல்லை என்றார்." எல்லாத் தீர்ப்பிலும் ஏறக்குறைய இப்படி ஒரு வரி வரும். விரல் தன்பாட்டுக்கு எழுதிவிட்டது. மாலைக்குள் தட்டச்சாகி, கையெழுத்தும் ஆயிற்று. ஆனால் அந்தத் திறந்த வாய் அவளோடு வீட்டுக்கு வந்தது. வீட்டில் அதைச் சொல்ல யாரும் இல்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு பெண் வக்கீல் வந்தாள். வெல்டரின் மேல்முறையீட்டுக்கு இலவச சட்ட உதவியில் நியமிக்கப்பட்டவள், சின்ன வயது.

"அக்கா, அவரை எதுவும் கேக்கவே இல்லைன்னு சொல்றார். தீர்ப்புல கேட்டதா இருக்கு."

"தீர்ப்புல இருக்கறதுதானேம்மா செல்லும்."

"உங்க நோட்டு இன்னும் இருக்கா?"

"மூணு வருஷம் வெச்சிருக்கணும்னு விதி."

"விதி தெரியும்க்கா. நோட்டு இருக்கான்னு கேட்டேன்."

நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு அலமாரியைத் திறந்தாள். நீதிமன்றக் கூடத்தில் எழுதிய பக்கத்தில் 'இவனே பொறுப்பு' என்பதை ஒட்டியே 'பத்து வருடம்' இருந்தது, நடுவில் எந்தக் கேள்வியும் இல்லை. அந்தக் கேள்வி இருந்தது நீதிபதியின் அறையில் எழுதிய பக்கத்தில் மட்டும். போன மழைக்காலத்தில் அலமாரியின் ஒரு தட்டே நனைந்து வீணாகியிருந்தது. இதுவும் அதில் போயிற்று என்றால் ஒரு ஈ காக்கை கேட்காது. வெகுநேரம் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் வக்கீலிடம், "எழுதித் தர்றேன்," என்றாள். "நீதிபதி பொய் சொன்னார்னு எழுத மாட்டேன். கேள்வி என் காதுல விழல, நோட்டுலயும் இல்ல. அவ்வளவுதான்."

"அது போதும்க்கா."

விஷயம் தெரிந்ததும் தலைமை எழுத்தர் அவள் மேசைக்கே வந்தார். "உனக்கு எதுக்கும்மா இந்த வேண்டாத வேலை? அவன் தள்ளினது தள்ளினதுதானே?"

"ஆமாண்ணே. தள்ளினான். எத்தனை வருஷம்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி அவனைக் கேக்கணும்ல?"

"நீ வக்கீலுக்கே படிச்சிருக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முதல் சாப்பாட்டு மேசையில் அவள் உட்கார்ந்ததும் பேச்சு நின்றது. சண்டை இல்லை, சாடை இல்லை. ஒவ்வொருவருக்கும் டிபன் பாக்ஸை மூட அவசரம் வந்தது, அவ்வளவே. ஒரு மாதத்தில் கீழ்த்தளத்து ஆவண அறைக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அங்கே பேச்சும் இல்லை, எழுதவும் ஒன்றும் இல்லை. சில நாள் தன் குரல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் கட்டுகளின் எண்ணைச் சத்தமாக வாசித்தாள்.

மேல் நீதிமன்றம் அவள் நோட்டை வரவழைத்துப் பார்த்தது. குற்றத்தீர்ப்பு நிற்கும், தண்டனை ரத்து, வேறொரு நீதிபதி அவனைக் கேட்டுவிட்டுப் புதிதாக முடிவு செய்யட்டும் என்று உத்தரவு போட்டது.

அந்த விசாரணைக்கு அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, பார்வையாளர் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்க்க அந்தக் கூடம் ரொம்பப் பெரிதாக இருந்தது.

புது நீதிபதி கேட்டார். "தண்டனை பத்தி நீங்க ஏதாவது சொல்லணுமா?"

வெல்டர் இளைத்திருந்தான். "நான்தான் தள்ளினேன் ஐயா. இல்லைன்னு சொல்லல. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அவன் தலை என் மடியிலதான் இருந்துச்சு. நாலு மணிக்குப் பாப்பாவ ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வந்துடு, மறந்துடாதேன்னு சொன்னான். அதுக்கப்புறம் பேசல. அன்னைக்கு என்னைப் போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டாங்க. பாப்பாவ யார் கூட்டிட்டு வந்தாங்கன்னு எனக்கு இன்னும் தெரியாது. அவன் இதைச் சொன்னான்னு அவங்க வீட்டம்மாகிட்ட சொல்லணும். போன தடவை அவங்க இங்க இருந்தாங்க."

கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். இறந்தவனின் மனைவி வரவில்லை. வீட்டைக் காலி செய்து வேறு ஊருக்குப் போய்விட்டதாக அரசு வக்கீல் சொன்னார்.

நீதிபதி அதை எழுதிக்கொண்டார். ஏழு வருடம் என்றார். உள்ளே இருந்த காலம் கழியும்.

வாசலில் பெண் வக்கீல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மூணு வருஷம் குறைஞ்சிருக்குக்கா. அவர் பேசினதோட நகலை அந்தம்மாவோட புது விலாசத்தைத் தேடி அனுப்பப் போறேன்."

"படிப்பாங்களா?"

"தெரியலக்கா."

மாலையில் வெளிநாட்டிலிருந்து தம்பி போன் செய்தான்.

"இன்னைக்குக் கோர்ட்டுக்குப் போயிருந்தேன்டா," என்றாள்.

"தினமும் அங்கதானேக்கா போறே?" அவன் சிரித்தான்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. "ஆமா," என்றாள். பிறகு அவனுடைய முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.