ஈப்போவில் பிறந்தவர்

வெள்ளிக்கிழமை விமானத்துக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள் ரெனிஷா. ஏழு மாத வயிறு குனியவிடவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடி துணிகளைக் காலால் தள்ளிவிட்டாள். தன் அப்பாவின் அடக்கத்துக்கு நாகர்கோவில் போன அவள் கணவன் ஷைன், அமெரிக்கா திரும்பி வர விசா கிடைக்காமல் அங்கேயே மாட்டிக்கொண்டான். அவன் போன பிறகு மில்பிடாஸ் வீட்டில் அவள் வாய்விட்டுப் பேசுவதே போனில்தான். காலையில் அம்மா அழுதிருந்தாள். "தலைப்பிரசவத்துக்கு நீ அங்க ஒத்தையில கெடப்பியா மக்களே? வந்துரு."

எதிர்வீட்டு சூ லிங் கோழி சூப் கொண்டுவந்தாள். மலேசியாவின் ஈப்போவில் வளர்ந்த சீனப் பெண். இருவருக்கும் பொதுவாக இருந்தது ஆங்கிலம்தான். பெட்டியைப் பார்த்ததும், "அப்ப குழந்தை இந்தியாவுலதான் பொறக்கும்" என்றாள். பிறகு, யாரும் கேட்காமலே, தன் தாத்தாவைப் பற்றிச் சொன்னாள்.

தாத்தாவுக்கு ஓர் அண்ணன். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன அவர்கள் அம்மா, மூத்தவனைப் பினாங்கில் பெற்றாள். இளையவனைப் புகுந்த வீட்டில், ஈப்போவிலேயே பெற்றாள். வெள்ளைக்காரன் காலத்தில் இருவரும் ஒரே அச்சகத்தில், ஒரே துண்டுப்பிரசுரத்துக்காகப் பிடிபட்டார்கள். பினாங்கு பிரிட்டிஷ் மண். அங்கே பிறந்த அண்ணன் பிரிட்டிஷ் பிரஜை. கோர்ட்டில் நிறுத்தினார்கள், சிறையில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். ஈப்போ சுல்தானின் நாடு. ஆண்டது என்னவோ அதே வெள்ளைக்காரன்தான். ஆனால் அங்கே பிறந்த தம்பி அவன் கணக்கில் அந்நியச் சீனன். விசாரணையே இல்லை. அதுவரை பார்த்தேயிராத சீனாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். அப்போது சூ லிங்கின் அப்பா பாட்டியின் வயிற்றில்.

"தாத்தாவோட பிரசவத்துக்கும் அம்மா வீட்டுக்குப் போயிருக்கணும்னு அவரப் பெத்த கிழவி சாகறவரைக்கும் சொல்லிட்டே இருந்தாளாம்" என்றாள் சூ லிங். போ என்றோ இரு என்றோ சொல்லவில்லை. மூடியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சூப் ஆறிப் படலம் கட்டும்வரை ரெனிஷா அதைத் தொடவில்லை. ஷைனைக் கூப்பிட்டாள்.

"நீயே சொல்லு. வரட்டா, இருக்கட்டா?"

"இங்க பொறந்தா அதுவும் நம்மள மாதிரி விசா க்யூலதான் நிக்கணும் ரெனி. அங்க பொறந்தா ஒருத்தனும் வெளிய போன்னு சொல்ல முடியாதுல்லா?"

"என்னைய வெளிய போன்னு சொல்லலாமே, ஷைன்."

"ஆமா" என்றான்.

டிக்கெட்டை ரத்துசெய்தாள். அம்மாவிடம், டாக்டர் விமானம் ஏறக் கூடாதென்று சொல்லிவிட்டதாகப் பொய் சொன்னாள்.

வலி கண்டது ஒரு ஞாயிறு காலையில். சூ லிங்தான் காரோட்டினாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், "நீங்க இவங்களுக்கு யாரு?" என்று கேட்டபோது, ஒரு நொடிகூட யோசிக்காமல் "அக்கா" என்றாள். நர்ஸ் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டாள். ரெனிஷா அவள் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள்.

பெண் குழந்தை. ஷைன் வீடியோவில் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன் அப்படியே திரையில் உறைந்து நின்றான், பிறகு இணைப்பு அறுந்துபோனது. மறுநாள் காலை சூ லிங்கும் வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

குடிக்க ஏதாவது வேண்டுமென்று கேட்டதற்கு ஒரு பெரிய கோப்பை நிறைய ஐஸ் தண்ணீர் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ரெனிஷாவுக்குத் தொண்டை வறண்டிருந்தது. குழந்தையை மடியில் சரித்துக்கொண்டு, ஐஸ் கரையட்டும் என்று, அந்தக் கோப்பையை இரு கைகளாலும் பொத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.