கசகசாக் காயின் பால்

வலி மாத்திரையை நுணுக்கித் தேனில் குழைத்த கரண்டியைக் கத்தரீனாள் மறுபடியும் அலமாரியில் வைத்துவிட்டாள். கட்டிலில் அவள் புருஷன் சுவக்கீன் தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தார். கணையத்தில் வந்த புற்று முதுகு வரைக்கும் பிடித்திருந்தது.

"இப்பக் குடுத்தா உறங்கிருவாருக்கா," என்றான் அவள் தம்பி பாஸ்கல். "பிலோமி போடிமெட்டு தாண்டிட்டாளாம். வந்து அப்பான்னு கூப்பிட்டா ஒரு வார்த்த பேச வேணாமா? என்ன இருந்தாலும் அபின்தான அது."

அவளுக்கும் அதுதான் பயம். காலை மருந்தையும் அதற்காகவே கொடுக்கவில்லை. திருப்பூரிலிருந்து வருகிற மகளிடம் அவர் பேசிவிட்டுப் போக வேண்டும். வேறொன்றும் மாதாவிடம் அவள் கேட்கவில்லை.

பஞ்சாயத்திலிருந்து வீடுவீடாக வரும் நர்ஸ் ஜிபி, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முனகலைக் கேட்டுவிட்டாள்.

"சேச்சி, காலையில குடுத்தீங்களா?"

கத்தரீனாள் கரண்டியைப் பார்த்தாள். ஜிபி திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"குருமாவுக்குக் கசகசா அரைப்பீங்கல்ல? அந்தச் செடி மருந்துதான் இது. விதையில இல்ல, பச்சக் காயக் கீறினா வடியுற பாலுல. வலி என்ன பண்ணுது? நரம்பு ரோட்டுல ஜீப்பு மாதிரி மூளைக்கு ஏறுது. வழியில செக்போஸ்ட் உண்டு. அங்க கட்டைய எறக்க நம்ம உடம்புலயே ஒண்ணு ஊறும். இவருக்கு அது பத்தல. எங்கயோ வயல்ல நிக்குற செடி, அதே கட்டைய எறக்குற ஒண்ண வச்சிருக்கு பாருங்க!"

"அப்ப உறங்க மாட்டாரா?"

"கொஞ்சம் உறங்குவாரு. அப்புறம் முழிப்பாரு. இப்ப மட்டும் அவரா முழிச்சிருக்காரு சேச்சி? வலிதான முழிச்சிருக்கு."

கத்தரீனாள் கரண்டியை எடுத்தாள்.

சோறு வேகிற நேரத்துக்குள் அவர் தாடை தளர்ந்தது. உறங்கிப்போனார். சொன்னேனே என்பதுபோல் பாஸ்கல் அக்காவைப் பார்த்தான். பிலோமி ஜீப்பிலிருந்து இறங்கி ஓடிவந்து "அப்பா" என்றாள். அவர் கண் திறக்கவில்லை. மகள் அப்பாவின் பாதத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வெயில் ஏலத்தோட்டத்துக்குள் சரிந்து விழுந்தபோது சுவக்கீன் கண் திறந்தார். முதலில் பட்டது பாஸ்கலின் முகம்.

"மாப்ள, குழி வெட்ட இன்னும் போகலையா?"

பிலோமி அழுதபடியே சிரித்தாள்.

"ஏ பிள்ள, எப்ப வந்த? ஒடக்கான் மாதிரி மெலிஞ்சிட்டியே. மில்லு ஆஸ்டல்ல சோறு போடுறானுங்களா, இல்லையா?"

பேசினார். அவள் மில்லைப் பற்றிக் கேட்டார், கல்யாணத்தைப் பற்றிக் கேட்டார், பாஸ்கலை இன்னும் ரெண்டு தரம் சீண்டினார். பிறகு பெண்டாட்டி பக்கம் திரும்பி, "வலிக்கலட்டி," என்றார், தானே நம்பாதவர்போல.

கோயில் மணி அடிக்குமுன், மகளின் கைக்குள் கையிருக்க, மூச்சு நின்றது.

மறுநாள் அடக்கம் முடிந்தபின், மிச்ச மாத்திரைகளைத் திரும்ப வாங்கிப் போக ஜிபி வந்தாள். கத்தரீனாள் அட்டையைக் கொடுத்தாள்.

"வரட்டா சேச்சி? சூரியநெல்லியில ஒருத்தர் வலியில கெடக்காரு."

"இரு பிள்ள."

துக்க வீட்டில் அடுப்பு எரியவில்லை. கத்தரீனாளைக் குடிக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரி அப்போதுதான் வைத்துவிட்டுப் போன சாயா ஆவி பறந்துகொண்டிருந்தது. அவள் இன்னொரு தம்ளரை எடுத்தாள். கையை உயர்த்தி, நுரை எழும்ப ஜிபிக்கு அதை ஆற்றத் தொடங்கினாள்.